எழுந்து நடந்தால்தான் கிளைமாக்ஸா? படங்களில் வீல்சேர் பற்றி

சக்கரக்காரன் (திருமங்கலம் பக்கம்)

போன ஞாயிறு தங்கச்சி குடும்பத்தோடு மதுரையில் ஒரு படத்துக்குப் போயிருந்தேன். படத்தின் பெயர் வேண்டாம், விஷயம் அந்த ஒரு படத்தோடு முடிவதில்லை. கதாநாயகியின் அண்ணன் படம் முழுக்க வீல்சேரில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கு வசனம் மொத்தமே நாலு இருக்கும். கடைசியில் வில்லன் தங்கை கழுத்தில் கத்தி வைக்கிறான், உடனே அண்ணனின் கால் கட்டைவிரலைக் குளோசப்பில் காட்டுகிறார்கள், விரல் துடிக்கிறது, இசை ஏறுகிறது, அண்ணன் எழுந்து நின்று நாலு எட்டு நடந்து வில்லனை அடித்துவிட்டான். தியேட்டர் முழுக்க விசில். எனக்கு எப்போதும் கிடைக்கிற இடம்தான், முதல் வரிசைக்கும் முன்னால், திரைக்குக் கீழே, கழுத்தை அண்ணாந்தபடி. பக்கத்தில் நின்ற தங்கச்சி மகள், 7 வயது, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "மாமா, நீங்களும் ரொம்பக் கோவம் வந்தா எந்திரிச்சிருவீங்களா?"

அவளுக்கு என்ன சொல்ல? அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி: 23 வயதில் ரோட்டோரப் புளியமரத்தில் புளி உலுக்க ஏறி விழுந்தேன். தண்டுவடத்தில் டி8 என்கிற இடத்தில் அடி. தொப்புளுக்கு நாலு விரல் மேலே தொடங்கி கீழே உணர்ச்சி கிடையாது. 11 வருசம் ஆகிறது. இப்போது இ-சேவை மையம் நடத்துகிறேன்.

விழுந்து இரண்டு மாதம் கழித்து, வீட்டுக்கு வந்த பிறகு, ஒரு ராத்திரி என் வலது கால் தானாக உதறியது. முட்டி மடங்கி, போர்வையைத் தள்ளிவிட்டு, படக்கென்று நீண்டது. அம்மா அலறி எழுந்து சூடம் கொளுத்தினாள். அப்பா அந்த ராத்திரியே பாண்டி கோவில் இருக்கிற திசை பார்த்துக் கும்பிட்டு, "எம் பிள்ளை எந்திரிச்சு நடமாடட்டும், கிடா வெட்டுறேன்" என்று நேர்ந்துகொண்டார். விடிந்ததும் தெருவே வந்து பார்த்தது. வந்தவர்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு படத்தின் கதையைச் சொன்னார்கள். அந்தப் படத்தில் அம்மா அழுததும் மகன் எழுந்தான், இந்தப் படத்தில் சாமி முன்னால் பாடினதும் கால் வந்தது என்று.

அது குணமாகிற அறிகுறியே இல்லை என்று எங்களுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஆனால் அந்த உதறலை நம்பி எங்கள் வீட்டில் இரண்டு வருசம் வீல்சேர் வாங்கவில்லை. "வீல்சேர் வந்துட்டா அவன் எந்திரிக்கவே மாட்டான், அபசகுனம்" என்றார்கள். இரண்டு வருசம் கட்டிலில் கிடந்தேன். இடுப்புக்குக் கீழே படுக்கைப்புண் வந்து, எலும்பு தெரிகிற அளவுக்குப் போனது. கழுவிக் கட்டுப் போடுகிற அம்மா முகத்தைப் பார்க்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வேன். வாசலில் ஒரு சாய்தளம், உட்கார ஒரு வீல்சேர், அடியில் ஒரு நல்ல மெத்தை, இவ்வளவு இருந்திருந்தால் நான் ஆறாவது மாதமே தெருவுக்கு வந்திருப்பேன். எழுந்து நடக்கிற அந்தக் காட்சியை எடுக்கிறவர்களுக்கு இது தெரியவேண்டும். அதைப் பார்க்கிற வீடுகளில் யாரோ ஒருவர் கட்டிலில் காத்துக்கொண்டு கிடக்கிறார்.

மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?


பழைய_டாக்கீஸ்

தம்பி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். எனக்கு 74 வயது. 1959-இல் பாகப்பிரிவினை வந்தபோது சின்னப் பையன், அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தேன். சிவாஜி ஒரு கையும் ஒரு காலும் விளங்காதவராக நடித்திருப்பார். அந்த நடிப்பைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது, அந்தத் தோளும் அந்த விரல்களும் இன்றைக்கும் கண்ணில் நிற்கின்றன. ஆனால் கதையை நினைத்துப் பாருங்கள். சின்ன வயதில் மின்சாரம் தாக்கிக் கை கால் போகிறது, கடைசியில் மறுபடி மின்சாரம் தாக்கித் திரும்ப வந்துவிடுகிறது. அவர் நல்லவர், அதனால் சரியாகிவிட்டார் என்றுதான் நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

எங்கள் தெருவில் இளம்பிள்ளை வாதம் வந்த பையன் ஒருவன் இருந்தான், என் சோட்டுப் பையன். அந்தப் படத்துக்கு அப்புறம் ஒரு பாட்டி அவன் அம்மாவிடம், "கரண்டு வச்சா சரியாயிருமாம்ல, டாக்டரைக் கேட்டியா?" என்று கேட்டதை நான் காதால் கேட்டேன். அந்த அம்மா பதில் சொல்லாமல் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்கு ஐந்து வருசம் முன்னால் வந்த ரத்தக்கண்ணீரில் இதற்கு நேர்மாறு. ஊதாரியாகத் திரிந்தவனுக்குக் குஷ்டம் வருகிறது. கெட்டவனுக்கு நோய் வரும், நல்லவனுக்கு நோய் போகும். இந்த இரண்டையும் பார்த்து வளர்ந்த ஊர், அந்தப் பையனையும் அவன் அம்மாவையும் எந்தக் கண்ணால் பார்த்திருக்கும்? இத்தனை வருசம் கழித்து உங்கள் பதிவைப் படித்துத்தான் இதை யோசிக்கிறேன்.


திரைவெறியன்_மதுரை

அண்ணே, உங்கள் வலி புரிகிறது, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் நான் இன்னொரு பக்கத்தைச் சொல்லியே ஆகணும். எங்கள் தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. மனுசன் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தார். அவரைத் தூக்கி உட்காரவைத்தது டிவியில் ஓடின பழைய படங்கள்தான். ஹீரோ எழுகிறதைப் பார்த்துவிட்டு "நானும் எந்திரிப்பேன்டா" என்பார். மூன்று மாதத்தில் கம்பு ஊன்றி டீக்கடை வரை போனார். பொய்யான நம்பிக்கை என்று நீங்கள் சொல்கிற அதுதான் எங்கள் வீட்டில் வேலை செய்தது. படம் பார்க்க வருகிறவன் நாள் முழுக்க கஷ்டப்பட்டுவிட்டு வருகிறான், அவனுக்கு ஒரு அதிசயத்தைக் காட்டுவது பாவமா?


பிசியோ_அண்ணாநகர்

திரைவெறியன், உங்கள் தாத்தாவைப் பற்றிச் சந்தோசம், உண்மையாகவே. நான் 14 வருசமாக இந்த வேலையில் இருக்கிறேன், நம்பிக்கை உள்ளவர்கள் பயிற்சியை ஒழுங்காகச் செய்கிறார்கள் என்பதைத் தினமும் பார்க்கிறேன். ஆனால் பக்கவாதமும் தண்டுவட அடியும் ஒன்றில்லை. பக்கவாதத்தில் மூளையின் ஒரு பகுதி பாதிக்கப்படுகிறது, மற்ற பகுதிகள் அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்ளும், அதிலும் முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில்தான் பெரிய முன்னேற்றம் தெரியும். உங்கள் தாத்தா மூன்று மாதத்தில் நடந்தார் என்றால் அது அப்படியே பொருந்துகிறது. தண்டுவடம் முழுசாக அடிபட்டால் அந்த நரம்புகள் திரும்ப வளர்ந்து சேருவதில்லை. பாதி மட்டும் அடிபட்டவர்களில் பலருக்கு அசைவு திரும்பும், அதுவும் மாதக்கணக்கில், பயிற்சியோடு, ஒவ்வொரு தசையாக.

சக்கரக்காரன் சொன்ன கால் உதறலைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதை ஒவ்வொரு குடும்பத்திடமும் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டி வருகிறது. அடிபட்ட புதிதில் கால் துவண்டு கிடக்கும். சில வாரங்கள் கழித்து, அடிபட்ட இடத்துக்குக் கீழே இருக்கிற நரம்புகள் மூளையின் கட்டுப்பாடு இல்லாமல் தாமாகவே இயங்கத் தொடங்கும். அப்போதுதான் கால் வெட்டி இழுக்கும், உதறும். அது மூளை அனுப்பிய அசைவு கிடையாது. சினிமாவில் குளோசப்பில் துடிக்கிற கட்டைவிரலை நிஜத்தில் நான் நூறு கட்டில்களில் பார்த்திருப்பேன். ஒவ்வொரு முறையும் குடும்பம் அழுது சிரித்துக் கும்பிடும், நான்தான் நின்று விளக்கவேண்டும். என் வேலையிலேயே கஷ்டமான ஐந்து நிமிடம் அது.

இன்னொன்று. வருசக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர் படக்கென்று எழுந்து நின்றால் நிஜத்தில் என்ன ஆகும்? ரத்த அழுத்தம் இறங்கிக் கண் இருட்டி விழுவார். தொடைத் தசை சூம்பியிருக்கும். எலும்பில் சுண்ணாம்புச் சத்து குறைந்து லேசாக விழுந்தாலே ஒடியும். அதனால்தான் நாங்கள் ஆளைப் பலகையோடு சேர்த்துக் கட்டி, ஒரு நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்திப் பழக்குகிறோம். சரி, நரம்பில் கோளாறே இல்லாமல் மனசு சம்பந்தமாகக் கால் இயங்காமல் போகிறவர்களும் இருக்கிறார்களே என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். அவர்களும் ஒரு அறை விட்டாலோ ஒரு பாட்டைக் கேட்டாலோ எழுந்து ஓடுவதில்லை, அவர்களுக்கும் மாதக்கணக்கில் பயிற்சிதான்.


தையல்_செல்லூர்

நான் பொதுவாக எழுதுகிறவள் இல்லை, படிப்பதோடு சரி. இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு 2 வயதில் போலியோ. காலில் காலிப்பர் என்கிற தாங்குசட்டம் மாட்டி, ஒரு கையில் கம்பு வைத்து வீட்டுக்குள் நடப்பேன். வயசாக ஆகத் தோள்பட்டை தேய்ந்துவிட்டது, அதனால் வெளியே தூரமாகப் போகணும் என்றால் வீல்சேர். அதாவது நான் வீல்சேரிலும் உட்காருவேன், எழுந்து நாலு எட்டும் வைப்பேன். எங்களைப் போல நிறையப் பேர் உண்டு. ஆனால் சினிமாவில் வீல்சேரில் இருக்கிறவர் எழுந்தால் ஒன்று அதிசயம், இல்லையென்றால் ஏமாற்றுக்காரர். காமெடியன் வீல்சேரில் வந்து பரிதாபம் சம்பாதித்துவிட்டு, போலீஸைக் கண்டதும் எழுந்து ஓடுவான், எல்லோரும் சிரிப்பார்கள். நான் ரேஷன் கடையில் வீல்சேரிலிருந்து எழுந்து கவுண்டரைப் பிடித்து நின்றபோது பின்னால் இருந்து ஒரு குரல்: "நல்லாத்தான நிக்கிது, அப்புறம் எதுக்கு வண்டி?" அரிசிப்பையை வாங்கிக்கொண்டு திரும்பி வருகிற வழியெல்லாம் கை நடுங்கியது.

பெண்களைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. படத்தில் வீல்சேரில் இருக்கிற பெண் ஒன்று அம்மா, இல்லை ஹீரோ கரையேற்ற வேண்டிய தங்கச்சி. அவளுக்கு வேலை, கோபம், ஆசை எதுவும் கிடையாது. எனக்குப் பிடித்தது பெங்களூர் நாட்களில் பார்வதி செய்த சாரா. மலையாள மூலத்திலும் அவரேதான். ரேடியோவில் வேலை, தன் வாய், தன் காதல். படம் முடிகிறவரை வீல்சேரிலேயே இருக்கிறாள், அதை யாரும் சரிசெய்ய வரவில்லை. அதைப் பார்த்துவிட்டு நான் ரொம்ப நாள் கழித்து எனக்கென்று ஒரு பட்டுப் புடவை எடுத்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.


நிலையூர்_அம்மா

என் மகனுக்கு 13 வயது. தசை சிதைவு நோய், டுஷேன் என்று பெயர். போன வருசத்திலிருந்து வீல்சேர்.

இரண்டு வருசத்துக்கு முன்னால் ஒரு பெரிய ஊரில் ஒரு இடத்தில் ஸ்டெம் செல் ஊசி போட்டால் எழுந்து நடப்பான் என்றார்கள். அங்கே வரவேற்பறையில் ஒரு வீடியோ ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு பையன் வீல்சேரிலிருந்து மெதுவாக எழுந்து அம்மாவிடம் போவான், பின்னணியில் பாட்டு. அப்படியே சினிமா மாதிரி. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்து அழுதுவிட்டார். முக்கால் ஏக்கர் விற்று மூன்று தடவை ஊசி போட்டோம். ஒன்றும் ஆகவில்லை. கேட்டால் இன்னும் இரண்டு தடவை வேண்டும் என்றார்கள். மகன்தான் சொன்னான், "போதும்மா, எனக்கு ஊசி வேணாம், கரண்டு வீல்சேர் வாங்கிக் குடு, நானே பள்ளிக்கூடம் போறேன்." அந்த நிலத்துக் காசில் அதைப் போல ஐந்து வாங்கியிருக்கலாம். இப்போது மாற்றுத்திறனாளிகள் நலத்துறையில் மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம்.


பிசியோ_அண்ணாநகர்

அம்மா, உங்கள் மேல் தப்பே இல்லை. இதைப் படிக்கிற மற்ற பெற்றோருக்காகச் சொல்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் ஸ்டெம் செல்லுக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. சில ரத்த நோய்கள் போன்றவற்றைத் தவிர வேறு எதற்கும் அதைச் சிகிச்சை என்று விற்கக் கூடாது. அனுமதி பெற்ற ஆராய்ச்சியில் மட்டுமே கொடுக்கலாம், அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. காசு கேட்டாலே எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த வீடியோவைப் பற்றிச் சொன்னதும் எனக்கு கிறிஸ்டோபர் ரீவ் ஞாபகம் வந்தது. சூப்பர்மேனாக நடித்தவர், 1995-இல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவு போனது. 2000-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய விளையாட்டுப் போட்டியின் இடையே வந்த விளம்பரத்தில் அவர் எழுந்து நடப்பதாகக் கம்ப்யூட்டரில் செய்து காட்டினார்கள். அவர் குணமாகிவிட்டார் என்று நம்பி, எங்கே வைத்தியம் என்று கேட்டுத் தண்டுவட பாதிப்புள்ளவர்களுக்கான அமைப்புக்கு போன் செய்தார்கள். 2004-இல் இறக்கிறவரை அவர் நடக்கவில்லை. ஒரு நிமிட விளம்பரமே இதைச் செய்யும் என்றால் இரண்டரை மணி நேரப் படம் என்ன செய்யும்?


வக்கீல்_கேகேநகர்

சட்டப் பக்கம் சுருக்கமாக. 2024 ஜூலை 8-இல் நிபுன் மல்ஹோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒரு இந்திப் படம் மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்கிறது என்று போட்ட வழக்கு. அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் எழுதிய தீர்ப்பு. மட்டம் தட்டுகிற நகைச்சுவையையும், அந்த வாழ்க்கையைப் புரியவைக்கிற நகைச்சுவையையும் அதில் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். படம் எடுக்கிறவர்கள் மருத்துவத் தகவலை விசாரித்துச் சரியாகக் காட்டவேண்டும், கட்டுக்கதைகளைப் பரப்பக் கூடாது, மாற்றுத்திறனாளிகளையே கலந்து பேசிச் செய்யவேண்டும் என்று வழிகாட்டியிருக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் நோக்கத்தை வைத்துத்தான் இதைச் சொன்னார்கள். எழுந்து நடக்கிற காட்சிக்குத் தடை எதுவும் இல்லை, இருக்கவும் வேண்டாம் என்பது என் கருத்து. விசாரித்துவிட்டு எழுது என்றுதான் கோர்ட் சொல்கிறது.


மேலூர்_கதைசொல்லி

எல்லோருக்கும் வணக்கம். ஊர் மேலூர், இப்போது சென்னையில் உதவி இயக்குநர். முதல் படத்துக்குக் கதை வைத்திருக்கிறேன். ஹீரோவுக்கு இடைவேளையில் விபத்து, இரண்டாம் பாதி வீல்சேரில். நான் எழுதியதில் அவன் கடைசிவரை வீல்சேரில்தான். தயாரிப்பாளர் ஒப்புக்கொள்ளவில்லை. "ஆடியன்ஸ் கைதட்டணும்ல தம்பி, அவன் எந்திரிச்சாத்தான் கைதட்டுவான். அன்பே சிவம் நல்ல படம்தான், வந்தப்ப ஓடுச்சா?" என்கிறார். 2003-இல் ஓடவில்லைதான், அவரை மறுக்க முடியவில்லை. நான் தோழாவைச் சொன்னேன், 2016, நாகார்ஜுனா கடைசிவரை நாற்காலியில்தான், தெலுங்கிலும் தமிழிலும் நன்றாகவே போனது. அதற்கு அவர், "அது கோடீஸ்வரன் கதை, பின்னாடி கார்த்தி இருக்காப்ல" என்றுவிட்டார்.

உங்களிடம் கேட்கிறேன் சக்கரக்காரன் அண்ணா. அவன் எழக் கூடாது. ஆனால் கைதட்டல் வரணும். அந்த இடத்தில் நான் என்ன வைப்பது?


திரைவெறியன்_மதுரை

நிலையூர் அம்மா எழுதியதைப் படித்த பிறகு நான் முதலில் எழுதியதை அப்படியே வைத்துக்கொள்ள முடியவில்லை. தாத்தா கதை நிஜம், அதை மாற்றமாட்டேன். ஆனால் அவருக்குத் தினமும் கையைக் காலைப் பிடித்துப் பயிற்சி கொடுத்தது எங்கள் அத்தை, அவரை நான் எழுதவே இல்லை. ஹீரோவை மட்டும் எழுதியிருக்கிறேன்.

இருந்தாலும் கதைசொல்லி கேட்கிற கேள்வி நியாயமானது. கைதட்டல் இல்லாத கிளைமாக்ஸை நான் காசு கொடுத்துப் பார்க்கமாட்டேன்.


சக்கரக்காரன் (திருமங்கலம் பக்கம்)

தம்பி கதைசொல்லி, நல்ல கேள்வி கேட்டீர்கள். யோசித்துவிட்டு எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

தோழா எனக்கும் பிடிக்கும், ஆனால் அதில் வீட்டுக்குள் லிப்ட், வெளியே பெரிய கார், கூடவே ஆள். எங்கள் ஊரில் வீல்சேர்க்காரனுக்கு முதல் எதிரி படி. என் வாசலில் மூன்று படி இருந்தது, ஒன்றரை அடி உயரம். ஒரு அடி ஏற 12 அடி நீளம் என்பது கணக்கு, அப்படியானால் 18 அடிக்குச் சாய்தளம் வேண்டும், எங்கள் வாசலில் இருந்த இடம் 9 அடி. கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, திண்ணையை உடைத்து, சாய்தளத்தைச் சுவரை ஒட்டித் திருப்பி இரண்டாக மடித்துக் கட்டினார். அந்தத் திண்ணை அப்பாவின் அப்பா கட்டியது. அப்பா தன் கையாலேயே முதல் கல்லைப் பெயர்த்தார். இதை ஒரு படத்திலும் பார்த்ததில்லை.

நடிகர்களைப் பற்றியும் சொல்கிறேன். நான் பார்த்த படங்களில் எல்லோரும் ஆஸ்பத்திரி வீல்சேரில்தான் உட்காருகிறார்கள், பெரிய கைப்பிடி வைத்தது, நோயாளியை இங்கிருந்து அங்கே தள்ளிக்கொண்டு போக வைத்திருப்பது. அதில் யாரும் வாழமுடியாது. அடியில் மெத்தையே இருக்காது. எங்களுக்கு மெத்தை இல்லாமல் ஒரு நாள் உட்கார்ந்தால் புண் வந்துவிடும், மெத்தை இருந்தாலும் கால்மணி அரைமணிக்கு ஒரு தடவை கையை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்கணும். என் உள்ளங்கையைப் பாருங்கள் என்று காட்ட முடிந்தால் காட்டுவேன், கட்டைவிரலுக்குக் கீழே தோல் காய்த்துக் கருத்து, மண்வெட்டி பிடித்த கை மாதிரி இருக்கும். படத்தில் வீல்சேரைப் பின்னால் இருந்து யாரோ தள்ளுகிறார்கள், இவர் கை மடியில் இருக்கிறது. உங்கள் ஹீரோவின் கை சக்கரத்தில் இருக்கட்டும், முதலில் அது போதும்.

இப்போது கைதட்டல்.

கட்டிலில் கிடந்த இரண்டு வருசத்துக்கு அப்புறம் ஒரு மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதம் இருந்தேன். அங்கே கற்றுக்கொடுத்ததில் எனக்கு வரவே வராமல் இருந்தது ஒன்றுதான், தரையிலிருந்து வீல்சேருக்கு ஏறுவது. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள், அம்மாவும் அப்பாவும் கல்யாணத்துக்கு உசிலம்பட்டி போயிருந்தார்கள், குளியலறையில் பிரேக் போடாமல் மாறப்போய் விழுந்துவிட்டேன். போன் கட்டில் மேல். தரை ஈரம். கால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று பின்னிக்கிடக்கிறது, அது என் கால் என்று உடம்பு ஒப்புக்கொள்ளவில்லை, கையால் எடுத்து எடுத்து வைக்கணும். வீல்சேரை இழுத்து, சுவரில் முட்டுக்கொடுத்து, பிரேக் போட்டேன். முட்டியை மடக்கி, ஒரு கையைச் சீட்டில் வைத்து, ஒரு கையைத் தரையில் ஊன்றி, தலையைக் கீழே குனிந்தால்தான் இடுப்பு மேலே போகும். தலை எந்தப் பக்கம் போகிறதோ இடுப்பு அதற்கு எதிர்ப்பக்கம் போகும், இதுதான் சூத்திரம். முதல் தடவை பாதி வந்து வழுக்கியது. இரண்டாம் தடவை கால் உதறி என்னைத் தள்ளிவிட்டது, அம்மா சூடம் காட்டிய அதே வலது கால். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. நடுவில் சுவரில் சாய்ந்து அழுதேன். பக்கத்து வீட்டு ரேடியோவில் செய்தி தொடங்கியபோது விழுந்தவன், அடுத்த செய்தி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் சீட்டில் இருந்தேன். முழங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது. கால் தரையில் உரசியிருக்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துக்கொண்டேன், அதில் வலி தெரியாதே.

ஐந்து நிமிடம் வெட்டாமல் இதைக் காட்டுங்கள். இசை வேண்டாம். அவன் சீட்டில் ஏறி உட்கார்ந்து பிரேக்கை எடுக்கிற சத்தத்துக்குத் தியேட்டர் கைதட்டும். தட்டாவிட்டால் நான் வந்து உங்கள் தயாரிப்பாளரிடம் பேசுகிறேன்.

நிஜக் கதை வேண்டும் என்று கேட்டால் அதற்கும் பஞ்சமில்லை. மேரி வர்கீஸ், வேலூர் சி.எம்.சி. மருத்துவர். 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே போனது. வீல்சேரில் உட்கார்ந்தே குஷ்ட நோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-இல் அங்கே மறுவாழ்வு மையம் வந்ததற்குக் காரணமானவர், 1972-இல் பத்மஸ்ரீ. நம் பக்கத்திலேயே, தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் ராமகிருஷ்ணன். 1975-இல் கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவு இல்லை, 1981-இல் அமர் சேவா சங்கம் தொடங்கினார், 2020-இல் பத்மஸ்ரீ. இரண்டு பேரும் எழுந்து நடக்கவில்லை.

கிடா என்ன ஆனது என்று ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பிக் கேட்டிருந்தார். அது எங்கள் வீட்டிலேயே வளர்ந்தது, நேர்ந்துவிட்டதை விற்கவும் முடியாது, வெட்டவும் முடியாது. நான் கட்டிலில், அது கட்டில் காலில். கொம்பு வளைந்து, தாடி நரைத்துக் கிழட்டுக் கிடாயாகிவிட்டது. பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் அரசாங்கத்தில் கொடுத்த பிறகு, நானே ஓட்டிக்கொண்டு திருமங்கலம் போய்ச் சாமான் வாங்கிவந்தேன். வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். பையை வாங்கினார், எண்ணெய், பருப்பு எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தார். அடுத்த ஞாயிறு பாண்டி கோவிலுக்கு வேன் சொல்லிவிட்டார். "நான்தான் இன்னும் நடக்கலையேப்பா" என்றேன். "நடக்கணும்னா வேண்டுனேன்? நடமாடணும்னுதான வேண்டுனேன். நடமாடுறேல்ல?" என்றார்.


பழைய_டாக்கீஸ்

தம்பி, உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.


மேலூர்_கதைசொல்லி

அண்ணா, குளியலறைக் காட்சியை எழுதத் தொடங்கிவிட்டேன். தயாரிப்பாளரிடம் உங்கள் பதிவை அப்படியே வாசித்துக் காட்டப்போகிறேன், அனுமதி உண்டா? அப்பா கிடா விஷயத்தைக் கதையில் வைக்கலாமா என்பதை அவரிடமே நேரில் கேட்கணும். ஹீரோவாக நடிக்கிற பையனைக் கூட்டிக்கொண்டு அடுத்த வாரம் வரலாமா?


சக்கரக்காரன் (திருமங்கலம் பக்கம்)

தாராளமாக வாங்க. புதன் வேண்டாம், அன்றைக்குக் கடையில் கூட்டம். நடிக்கிற தம்பி காலையிலிருந்து சாயங்காலம் வரை வீல்சேரிலேயே இருக்கணும், டீக்கடை, பேங்க், எல்லா இடத்துக்கும் என்கூட வரணும். என்னிடம் பழைய வீல்சேர் ஒன்று இருக்கிறது, மெத்தைதான் கிழிந்துவிட்டது.


தையல்_செல்லூர்

மெத்தை உறை நான் தைத்துத் தருகிறேன் தம்பி. அளவு 16-க்கு 16தானே?


சக்கரக்காரன் (திருமங்கலம் பக்கம்)

16-க்கு 18 அக்கா. ஜிப்பைப் பின்பக்கம் வையுங்கள், முன்பக்கம் வைத்தால் தொடையில் குத்தும், குத்துவது எனக்குத் தெரியாது.